டப்ளினில் வண்டி பேசிய கதை

திண்டிவனத்தில் எண்பதுகளில் யாரும் காரை வாடகைக்கு எடுத்ததில்லை. டிரைவரைத்தான் பேசி முடிப்பார்கள். கார் அவர் கூடவே வரும். வண்டி எந்த வருஷத்து அம்பாஸடர், பிரேக் பிடிக்குமா, ஸ்டெப்னி இருக்கிறதா என்பதெல்லாம் அவர் பாடு. நம் பாடு, கிளம்ப வேண்டிய நேரத்தை ஒரு மணி முன்தள்ளி அவரிடம் சொல்லி வைப்பது மட்டும். அவருக்கும் அது தெரியும்; ஒரு மணி பின்தள்ளி வருவார். கணக்கு நேராகிவிடும்.

இப்போது என் மகள் அயர்லாந்தில், கால்வே நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போக விமானம் பார்க்க வேண்டும், போன இடத்தில் டிரைவர் இல்லாத கார் ஒன்றும் எடுக்க வேண்டும். “எல்லாமே போன்ல இருக்குப்பா, நீங்களே போட்டுக்கலாம்” என்றான் சென்னையில் இருக்கும் மகன். உண்மைதான். முன்பு ஊரில் ஏழெட்டுப் பேர் பகிர்ந்து செய்த வேலை அத்தனையும் அந்த போனுக்குள் இருக்கிறது. செய்கிற ஆள் மட்டும் வெளியே, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

டிக்கெட் எனக்குப் புதிதல்ல. விழுப்புரம் ஜங்ஷன் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். சென்னை, காட்பாடி, புதுச்சேரி, மாயவரம், திருச்சி என்று ஐந்து திசைக்குப் பாதை பிரியும் ஸ்டேஷன். நான் தொழில் பழகியது அட்டை டிக்கெட் காலத்தில். மர அலமாரியில் ஊர்வாரியாக அடுக்கியிருக்கும் டிக்கெட்டில் ஒன்றை உருவி, தேதி அச்சின் வாயில் கொடுத்து இழுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு பேச்சு முடிந்தது. காலை எட்டு மணிக்கு மதுராந்தகத்துக்கு என்ன கட்டணமோ அதுதான் மாலை ஆறு மணிக்கும். நீங்கள் பத்துத் தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனாலும் ஏறாது. காசிக்குப் போகிறவருக்குச் சென்னைக்கு அப்பால் பெர்த் வேண்டுமென்றால் தந்தி அடிப்போம். பதில் தந்தி வந்தால் எங்களுக்கு ஒரு பூந்திப் பொட்டலம் வரும். வராவிட்டால் பொட்டலம் வராது. அவர் என்னவோ காசிக்குப் போய்விட்டுத்தான் வருவார்.

விமானக் கட்டணத்துக்கு இந்த ஒழுக்கம் எதுவும் கிடையாது. காலையில் பார்த்தது காபி குடித்துவிட்டு வந்தால் இல்லை. “இந்த விலையில் இன்னும் இரண்டு இடமே உள்ளது” என்று சிவப்பில் ஒரு வரி வேறு. கவுண்டரில் நான் ஒருவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் என் மேல் புகார் போயிருக்கும்.

சென்னையிலிருந்து டப்ளினுக்கு நேர் விமானம் இல்லை. எங்காவது மாற வேண்டும். அபுதாபியிலிருந்து எதிஹாட் 2007 முதல் பறக்கிறது. துபாயிலிருந்து எமிரேட்ஸ் 2012 முதல். தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸ் 2017 முதல். லண்டன் வழியும் பிராங்க்பர்ட் வழியும் உண்டு. லண்டன் என்றால், விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கிளைக்கதை. மலிவாகக் கண்ணில் படுகிற டிக்கெட்டை நோண்டிப் பார்த்தால் அது ஒரு டிக்கெட்டே இல்லை. இரண்டு தனித்தனி டிக்கெட். நடுவில் நாமே பெட்டியை எடுத்து நாமே மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்காரருக்கு அதில் சம்பந்தமில்லை. விழுப்புரத்தில் இரண்டு வண்டிகளுக்கு இடையே இணைப்பு என்று இருந்தால், முதல் வண்டி வரும்வரை மற்றதை நிறுத்தி வைக்கிற வழக்கம் உண்டு. பயணிகள் அதற்கும் எங்களைத் திட்டுவார்கள்.

வளைகுடா எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பழைய பெயர். 1984-இல் என் தாய்மாமன் மஸ்கட்டுக்குக் கொத்து வேலைக்குப் போனார். மீனம்பாக்கத்தில் ஏறி, பம்பாயில் மாறி. அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் யார் யார் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. மண்ணடி ஏஜெண்டு டிக்கெட்டுக்கு. கையால் எழுதிய டிக்கெட் அது. ஒவ்வொரு தாளின் முதுகிலும் சிவப்புக் கார்பன். தொட்டவர் விரலெல்லாம் குங்குமம் எடுத்த மாதிரி ஆகும். புறப்படுவதற்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்பே, வருகிறேன் என்று விமானக் கம்பெனிக்கு மறுபடி உறுதி சொல்ல வேண்டும். அதற்கு டிரங்கால். புக் பண்ணிவிட்டு எக்சேஞ்சு வாசலில் உட்கார்ந்திருந்தது என் சின்ன மாமா. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார், லைன் கிடைத்ததும் ‘ரீகன்பர்ம்’ என்ற சொல் மறந்துபோய், “அவரு நிச்சயம் வர்றாருங்க, சத்தியமா வர்றாரு” என்று கத்தினார். மண்ணடியில் இருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. பெட்டிக்குக் கயிறு கட்டியது பக்கத்து வீட்டு நெல் வியாபாரி. மூட்டை கட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். நேரம் குறித்துக் கொடுத்தது கோயில் குருக்கள். வண்டி பேசியது அப்பா.

அம்பாஸடரில் முன்னால் நான்கு, பின்னால் ஆறு, மடியில் கணக்கில் வராதவர்கள். போகிறவர் ஒருவர். வழியில் மதுராந்தகம் ஏரிக்கரையில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. டிரைவர் அண்ணன் அசரவில்லை. டிக்கியிலிருந்து நெளிந்த அலுமினியக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு கரையிறங்கிப் போனார். குடம் டிக்கியில் இருந்ததிலிருந்தே இது எதிர்பார்த்த நிறுத்தம் என்று புரிந்தது. அந்த இடைவெளியில் புளிச்சோறு பிரிக்கப்பட்டது. மீனம்பாக்கத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கி மாடத்தில் ஏறி நின்று, ஏதோ ஒரு விமானத்துக்கு எல்லாரும் கையாட்டினோம். அது மாமாவுடைய விமானம்தானா என்று இன்றுவரை குடும்பத்தில் இரண்டு கட்சி.

அவர் பத்து வருஷம் வெயிலில் நின்று செங்கல் அடுக்கிய பக்கத்துக்கு, நான் இப்போது விமானம் மாறிக் காபி குடிக்க மூன்று மணி நேரம் போதுமா, ஐந்து மணி நேரம் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விலைக் காலண்டர் என்று ஒன்று காட்டுகிறார்கள். மாதத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டு, மலிவான நாளுக்குப் பச்சை, எகிறும் நாளுக்குச் சிவப்பு. எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம் வேறொரு காலண்டர் தொங்குகிறது. தினம் ஒரு தாள் கிழிப்பது. அதில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டத்தோடு சூலமும் போட்டிருக்கும். சூலம் பார்க்காமல் எங்கள் வீட்டில் வந்தவாசிக்குக்கூடப் புறப்பட்டதில்லை.

“அயர்லாந்து எந்தப் பக்கங்க?” என்றாள் மனைவி.

“வடமேற்கு.”

“ரெண்டு பக்கமுமா? அப்ப செவ்வாய், புதன் வடக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. நாலு நாள் போச்சு.”

மிச்சம் திங்கள், வியாழன், சனி. விலைக் காலண்டரில் மூன்றும் சிவப்பு. பச்சையாக இருந்தது செவ்வாய். இரண்டு பேருக்கும் சேர்த்து வித்தியாசத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். விடிகாலை நான்கு மணிக்கு என்றேன். “விடியறதுக்கு முன்னாடின்னா அது திங்கட்கிழமைக் கணக்குதானே? திங்கட்கிழமை சூலம் கிழக்கே. நாம கிழக்கேயா போறோம்?”

செவ்வாய்க்கிழமை விலையில் திங்கட்கிழமை திசை. எந்த டிராவல் ஏஜெண்டும் எனக்கு இதை எடுத்துக் கொடுத்ததில்லை. “இருந்தாலும் ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டே கிளம்பிடுவோம். பரிகாரம் பால்னுதான் போட்டிருக்கு. எதுக்கு வம்பு?” என்று மேல்காப்பும் போட்டு வைத்தாள். இந்த மேல்காப்புக்குப் பின்னால் வேலை வந்தது, சொல்கிறேன்.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விண்ணப்பம் இணையத்தில். அச்செடுத்துக் கையெழுத்திட்டுச் சென்னை மையத்தில் கொடுத்தால் முடிவு டெல்லியிலிருக்கும் தூதரகத்தில். ஐரோப்பிய யூனியனில் இருந்தாலும் அயர்லாந்து ஷெங்கன் என்ற பொது விசாக் கூட்டில் இல்லை. ஆகவே ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது, அயர்லாந்து விசா ஷெங்கனில் செல்லாது. பயணத் திட்டத்தைக் காட்டு என்பார்கள். கூடவே, விசா கிடைக்கும்வரை டிக்கெட் வாங்காதே என்றும் அறிவுரை சொல்வார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்குத் திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். கார் முன்பதிவுக்கு லைசென்ஸ் விவரம் வேண்டும். எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வரிசையில் தொட்டதில் எல்லாம் வந்து சேர்ந்தது. அந்த வரிசை என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்த விசாவை விட முடியவில்லை. அயர்லாந்துக்காரர்கள் எங்கள் பக்கம் வந்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. திண்டிவனத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அங்கே நடந்த சண்டையை, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆங்கிலேயர் படைக்குத் தலைவர் அயர் கூட். அவர் பிறந்தது அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் லாலி. அவர் பிறந்தது பிரான்சில் என்றாலும் அப்பா அயர்லாந்துக்காரர், கால்வே பகுதியில் துவாம் ஊருக்குப் பக்கம். இன்று கால்வேயிலிருந்து லிமெரிக்குக்கு மோட்டார்வேயில் போனால் ஒன்றேகால் மணி நேரம். அந்தப் பக்கத்துப் பக்கத்து ஊர் ஆட்கள் இருவரும், அங்கே தீர்த்துக்கொள்ளாமல், வந்தவாசி வரைக்கும் வந்து மோதிக்கொண்டார்கள்.

லாலியின் பயணத் திட்டத்தைப் பார்த்தால் என் கஷ்டம் கஷ்டமே இல்லை. 1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறியவர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது 1758 ஏப்ரல் 28. ஏறக்குறைய ஒரு வருஷம். வந்து இறங்கியதும் கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பீரங்கியும் தளவாடமும் போக வேண்டும். புதுச்சேரியில் வண்டி இல்லை, மாடு இல்லை, சுமைக்கு ஆள் இல்லை. யாரும் முன்பதிவு செய்து வைக்கவில்லை. கோபம் தலைக்கேறி, ஊர்க்காரர்களைச் சாதி பாராமல் இழுத்து வந்து சுமையைத் தூக்கவும் வண்டியை இழுக்கவும் வைத்தார். சாதியைப் பார்க்காததற்காக அவரை இன்றைக்குப் பாராட்டலாமே என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கூலியையும் பார்க்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன். ஊர் அவர் மேல் வைத்த வெறுப்பு அன்று தொடங்கியது. கோட்டை விழுந்தது, அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லை. வந்தவாசியில் தோற்றார். எங்கள் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டை போனது, 1761 ஜனவரியில் புதுச்சேரியே போனது. 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். வெளியூர் போய் இறங்குகிற இடத்தில் வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்று என் அப்பா எப்போதும் சொல்வார். லாலியை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

ஏற்பாடு செய்யத்தான் உட்கார்ந்தேன். கார் வாடகை பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் தொகை சிரிப்பு மூட்டும் அளவுக்குக் குறைவு. திண்டிவனத்தில் அந்தப் பணத்துக்கு மயிலம் போய் முருகனைப் பார்த்துத் திரும்பலாம், அவ்வளவுதான். கீழே போகப் போகத்தான் ஒவ்வொன்றாய் வருகிறது. காப்பீடு வாடகையிலேயே இருக்கிறது. ஆனால் காருக்கு அடிபட்டால் முதல் இவ்வளவு யூரோ நம் பொறுப்பு. அதற்கு எக்ஸஸ் என்று பெயர். அதைக் குறைக்க இன்னொரு காப்பீடு. அதிலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேராது, அவற்றுக்கு மற்றொன்று. டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் போக ஒரு காரில் அடிபடுவதற்கு வேறென்ன பாக்கி? கடைசியில் எல்லாவற்றையும் மூடுகிற ஒரு காப்பீடு வருகிறது. அதன் ஒருநாள் விலை சில சமயம் காரின் ஒருநாள் வாடகையைத் தாண்டுகிறது. இதையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “ஒரு டம்ளர் பால்ல முடியற விஷயம்” என்றாள்.

கார் எடுக்கிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஓய்வூதியம் வாங்கும் என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. கணக்கில் பணம் இருக்கிறது என்பது அங்கே சேர்த்தி இல்லை. கடன் வாங்கத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாழ்நாள் முழுக்கக் கடன் வாங்காமல் காலம் தள்ளியதைப் பெருமையாக நினைத்திருந்தவன் வங்கியில் போய், எனக்கும் ஒரு கடன் அட்டை கொடுங்கள் என்று நின்றேன். எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் இதற்கு ஒரே கேள்விதான்: “யார் வீட்டுப் பையன்?” பதில் பிடித்திருந்தால் பெட்ரோலுக்கு மட்டும் கொடுத்தால் போதும், மிச்சம் அறுவடைக்குப் பிறகு.

வயதும் கேட்கிறார்கள். பல கம்பெனிகளில் இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் கூடுதல் கட்டணம். எழுபத்தைந்துக்கு மேலே போனால் பெரும்பாலும் கார் இல்லை. நடுவில் இருக்கிறேன் என்பதால் தப்பித்தேன். மாமாவை மீனம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்ட டிரைவர் அண்ணனுக்கு என்ன வயது என்று அவருக்கே தெரியாது. புயல் அடித்த வருஷத்தை வைத்துச் சொல்வார். எந்தப் புயல் என்று கேட்டால் கோபம் வரும்.

சில சமாதானங்களும் உண்டு. அயர்லாந்திலும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் வலது பக்கம். வலது பக்கம் ஓட்டிப் பழகிய அமெரிக்காக்காரர்கள் அங்கே போய்த் திணறி, கியர் இல்லாத வண்டிக்குக் கூடுதலாக அழுவார்கள். இடது கையால் கியர் மாற்றுவது நமக்கு இயல்பு. மலிவான கியர் வண்டியே போதும். கிராமத்துச் சாலைகள் ஒடுக்கம், இரண்டு பக்கமும் கல்சுவர், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அப்படிப்பட்ட சாலைகளில்கூட 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்று வைத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். மயிலம் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு வழிவிட்டுப் பழகியவனுக்கு இது ஒன்றும் இல்லை.

டப்ளினைச் சுற்றிப் போகும் எம்-50 சாலையில் சுங்கம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது. 2008-லிருந்து கேமரா நம்பரைப் படித்துக்கொள்கிறது. மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமாகப் பணம் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். இங்கே 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கம் கட்டுகிற எல்லா வண்டிக்கும் பாஸ்டேக் கட்டாயம். சாவடியும் இருக்கிறது, தடுப்புக் கம்பும் இருக்கிறது, “ஸ்கேன் ஆகல சார், கொஞ்சம் ரிவர்ஸ் வாங்க” என்று கையில் கருவியோடு ஒரு பையனும் இருக்கிறான். கம்பு இல்லாமல், யாரும் மறிக்காமல், போய்விட்டு மறுநாள் ஞாபகமாகக் கட்டு என்று சொல்கிற அந்தச் சாலையை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மகள் வடக்கே வட அயர்லாந்து வரைக்கும் போய் வரலாம் என்றாள். அங்கே கடலோரம் அறுகோணக் கற்தூண்கள் இருக்கின்றனவாம். வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. 1921-இல் பிரித்த எல்லை; இன்று அதில் சோதனைச் சாவடி ஒன்றும் இல்லை. எல்லை தாண்டியது எப்படித் தெரியும் என்றால், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும். தெற்கே 2005-இல் கிலோமீட்டருக்கு மாறினார்கள், வடக்கே மாறவில்லை. சோதனை இல்லை என்பதற்காக அயர்லாந்து விசாவோடு போய்விடக் கூடாது. இரண்டு நாட்டுக்கும் செல்லும் என்ற குறிப்பு விசாவில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு 2015-லிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. சில வாடகைக் கம்பெனிகள் எல்லை தாண்டுவதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன.

இதில் எனக்கு எதுவுமே புதிதாக இல்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு, அது புதுச்சேரி. அடுத்து கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. அரியூர், மறுபடி புதுச்சேரி. எல்லை தாண்டியதைச் சொல்வது மைல்கல் அல்ல, கடைகளின் பெயர்ப்பலகை. அந்தக் காலத்தில் டாக்ஸியில் போனால் எல்லையில் பெர்மிட் போட வேண்டும். திரும்பும்போது டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். டிக்கியில் வெறும் பெட்டிதான் இருந்தாலும் எங்கள் டிரைவர் அண்ணன் முகம் அந்த இடத்தில் ஒரு மாதிரி ஆகிவிடும்.

மோஹர் மலைச்சரிவும் பட்டியலில் இருக்கிறது. அட்லாண்டிக் கரையில் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர், உச்சியில் 214 மீட்டர். படத்தை மனைவிக்குக் காட்டினேன். “செஞ்சி ராஜகிரி இதைவிட உசரம்தானே? அதுக்கே நீங்க என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல” என்றாள். உயரம் உண்மைதான், ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் விடப்போகிறோம் என்று அறிவித்துக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகிறது, அது வந்ததும் போகலாம் என்று இருந்தேன் என்றேன். ரயில்வேக்காரன் பேச்சு என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒழுங்குபடுத்தி, டப்ளினில் இறங்கி, கார் எடுத்து, எம்-4, எம்-6 என்று கால்வேவரை இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நானே ஓட்டுவதாகப் படம் போட்டுக் காட்டியபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அங்க பஸ் இல்லையா?”

இருக்கிறது. விமான நிலைய வாசலிலிருந்தே கால்வேக்கு நேராகப் பஸ் இருக்கிறது. இரண்டரை, மூன்று மணி நேரம். தூங்கிக்கொண்டே போகலாம். திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் நின்று, ஓடுகிற பஸ்ஸில் இடம் பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். இந்த வழி எனக்கு ஏன் கடைசியில் வந்தது என்றால், கார் வாடகைப் பக்கங்களில் பஸ்ஸைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காரை இப்போது கால்வேயிலேயே, சுற்றுகிற நாட்களுக்கு மட்டும் எடுப்பதாக மாற்றியிருக்கிறேன். மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டு.

பாக்கி இருந்தது இங்கிருந்து மீனம்பாக்கம். திண்டிவனத்திலிருந்து நூற்றிருபது கிலோமீட்டருக்குள். அதையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று செயலியில் தேடினேன். இரவு நேரத்துக்கு எங்கள் ஊரில் கார் இல்லை என்று பணிவாகச் சொன்னது. பழைய டிரைவர் அண்ணனின் மகன் இப்போது இரண்டு கார் வைத்து ஓட்டுகிறார். கூப்பிட்டேன்.

“செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலு மணி பிளைட்டு” என்றேன்.

“அப்ப திங்கக்கிழமை ராத்திரின்னு சொல்லுங்க சார். போன மாசம் ஒருத்தர் செவ்வாய்க்கிழமைன்னாரு, நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி போய் நிக்கறேன். பத்தரைக்கு வந்துடறேன். எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.”

“அனுப்ப வர்றவங்க?”

“ரெண்டு பேருதான்.”

“அப்ப சின்ன வண்டியே போதும் சார்.” அட்வான்ஸ் எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டேன். சிரித்தார். கார்டு நம்பர், வயது, எக்ஸஸ் எதுவும் கேட்கவில்லை. அங்கே போய் எப்படிச் சுற்றுவீர்கள் என்று மட்டும் கேட்டார். வாடகைக் கார் எடுக்கிறேன், நானே ஓட்டுகிறேன் என்றேன்.

“டிரைவர் இல்லாம வெறும் வண்டிய மட்டும் தர்றாங்களா?” கொஞ்சம் யோசித்தார். “அதுவும் நல்லதுதான் சார். பேட்டா மிச்சம்.”